காலைப் பிடிக்கும் பெடல்

உங்கள் வீட்டில் யாருக்காவது மலை சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறதா? பிள்ளைக்கு, பெண்ணுக்கு, மருமகளுக்கு, ஏன், உங்களுக்கேகூட இருக்கலாம். முரட்டு டயரும் முன்பக்கத்து ஸ்பிரிங்குமாக அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்து ஓர் ஆண்டு ஆகட்டும். பேச்சு எப்படியும் பெடலில் வந்து நிற்கும்.

"அம்மா, பெடலை மாற்றப் போகிறேன். க்ளிப்லெஸ் பெடல் என்று பெயர். பூட்ஸைப் பெடலோடு பூட்டிக்கொண்டே ஓட்டலாம்!"

"நன்றாயிருக்கிறதடி! காலைப் பூட்டிக்கொண்டு விட்டால், விழப் போகிற சமயத்தில் எதை ஊன்றுவாயாம்?"

"உனக்கு ஒன்றும் தெரியாது அம்மா" என்று பெண் சிரிப்பாள். ஆனால், இந்தப் பெடலை வாங்கப் போகிற எவரும் கேட்டாக வேண்டிய முதல் கேள்வியை அந்த அம்மாள்தான் கேட்டிருக்கிறாள். கடையில் இருக்கிற எல்லாப் பெடலும் காலைப் பிடிக்கத்தான் செய்யும். எது சட்டென்று விடும், எது சண்டித்தனம் செய்யும் என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கண்ணோடு பார்த்து வாங்கினால் பணமும் வீணாகாது; கை கால்களும் பத்திரமாக இருக்கும்.

பெயரில் ஒரு வேடிக்கை

'க்ளிப்லெஸ்' என்றால் க்ளிப் இல்லாதது என்று அர்த்தம். ஆனால் காலைப் பிடித்துக்கொள்வது இந்தப் பெடல்தான்! இதென்ன விபரீதம் என்று கேட்பீர்கள். முற்காலத்தில் பந்தய சைக்கிள்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு வைத்து, அதற்குள் கால் விரல்களை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் 'டோ க்ளிப்' என்று பெயர். இறங்க வேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். அந்தக் கூண்டை ஒழித்துவிட்டு வந்த பெடல் ஆனதால் 'க்ளிப் இல்லாதது' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கு வழிகாட்டியது பனிச்சறுக்கு விளையாட்டு. பனிச்சறுக்குக்காரர்களின் காலணி சறுக்குக்கட்டையோடு மாட்டிக்கொள்ளும். விழும்போது தானே கழன்றுவிடும். அந்தப் பிடிகளைச் செய்துவந்த 'லுக்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி, அதே உபாயத்தை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் ஈனோ என்ற பிரெஞ்சு வீரர் அந்தப் பெடலோடு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை ஐந்தாம் முறையாக வென்றார். உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் அது தார் ரோட்டுக்கான பெடல். அதற்குரிய பூட்ஸின் அடியில் பெரிய தகடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான். மலைப் பாதையில் இது உதவுமா? பாறை குறுக்கிட்டால் இறங்க வேண்டும். சைக்கிளைத் தள்ள வேண்டும். சில இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டு ஏறவும் வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது ஜப்பானின் ஷிமானோ கம்பெனி. 1990-ல் அது வெளியிட்ட 'எஸ்.பி.டி.' பெடலுக்கு, கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு சிறு எஃகுத் துண்டு போதும். பூட்ஸின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் இரண்டு ஸ்க்ரூக்களில் அது அடக்கமாக உட்கார்ந்திருக்கும். நடந்தால் ரப்பர் அடிதான் தரையைத் தொடும். அந்தச் சிறு துண்டுக்குத்தான் 'க்ளீட்' என்று பெயர்.

கட்டாயம் வேண்டுமா?

மலைப் பாதையில் வேரும் கல்லும் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போடும்போது, சாதாரணப் பெடலிலிருந்து கால் நழுவும். நழுவிய பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் 'ணங்'கென்று அடிக்கும். பட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்! பூட்டிக்கொண்ட கால் நழுவாது. செங்குத்தான ஏற்றத்திலும் மிதி தடைப்படாது. ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் முதன்முதலாகச் சேர்ந்தது 1996-ல். அந்த ஆண்டும், அடுத்து 2000-லும் பெண்கள் பந்தயத்தில் தங்கம் வென்றவர் இத்தாலியின் பாவோலா பெஸோ. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் 2023-ல் ஆசிய மலை சைக்கிள் போட்டிகள் நடந்தன. இப்படி ஏறி இறங்கும் நெடும்பாதைப் பந்தயங்களில் இன்று அநேகமாக எல்லோரும் ஓட்டுவது க்ளிப்லெஸ் பெடல்தான்.

அப்படியானால் இது இல்லாமல் முடியாதா? பேஷாக முடியும். ஆஸ்திரேலியாவின் ஸாம் ஹில் என்பவர் சாதாரணத் தட்டைப் பெடலோடுதான் உலக இறக்கப் பந்தயங்களில் வாகை சூடினார். 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 'எண்டுரோ' பந்தய வரிசையிலும் முதலாவதாக வந்தார். காலை மேலே இழுத்து மிதித்தால் சக்தி மிச்சமாகும் என்று சிலர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆராய்ச்சிக் கூடத்தில் அளந்து பார்த்தபோது, வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டியவர்கள் அதே வேலைக்கு அதிக சக்தியைச் செலவழித்ததாகத்தான் தெரிந்தது.

ஆகவே, புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் ஓராண்டு தட்டைப் பெடலிலேயே பழகட்டும். சைக்கிள் கைக்கு அடங்கிய பிறகு இந்தப் பெடலைப் பற்றி யோசித்தால் போதும்.

மாட்டுவதும் கழற்றுவதும்

மாட்டுவது சுலபம். பூட்ஸின் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, க்ளீட்டின் மூக்கைப் பெடலுக்குள் நுழைத்து, அழுத்தி மிதித்தால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஸ்பிரிங் விலகி, கால் விடுதலையாகும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பயந்துபோனால் மனிதர்கள் காலைத் திருப்ப மாட்டார்கள், மேலே இழுப்பார்கள். அது சுபாவம். சாதாரண க்ளீட் மேலே இழுத்தால் விடாது. சைக்கிள் நின்றுவிடும், கால் வராது, வெட்டிய வாழை மாதிரி பக்கவாட்டில் சாய வேண்டியதுதான். வேகமாக ஓடும்போது அல்ல, நின்ற இடத்தில்தான் அநேகமாக இந்த விழுதல் நேருகிறது. புல்தரையில் விழுந்தால் வெட்கத்தோடு போகும். சிக்னலில், பக்கத்தில் லாரி நிற்கும்போது விழுந்தால்? கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டால்? இதை நினைத்துத்தான் அம்மாவின் கேள்வியை முதல் கேள்வி என்றேன்.

இதற்கு மாற்று உண்டு. எஸ்.பி.டி. க்ளீட்டில் இரண்டு ரகம் இருக்கிறது. பெடலோடு பெரும்பாலும் கிடைப்பது 51-ஆம் நம்பர். அது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56-ஆம் நம்பர் இன்னும் தாராளம். பல திசைகளில் விடும். அவசரத்தில் பலமாக மேலே இழுத்தாலும் கழன்றுவிடும். முதன்முதலாகப் பழகுகிறவர்கள் இதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். துள்ளிக் குதித்து ஓட்டும்போது சில சமயம் எதிர்பாராமல் கழன்றுகொள்ளும் என்ற குறை இதற்கு உண்டு. நன்றாகப் பழகிய பிறகு 51-க்கு மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஸ்பிரிங்கின் இறுக்கம். பெடலில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை 3 மி.மீ. ஆலன் சாவியால் திருப்பி இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆரம்பத்தில் மிகக் குறைந்த இறுக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெடல், பெடலுக்கு இரண்டு முகம். ஆக நான்கு இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

எந்த ரகம், யாருக்கு?

சிறிய, இரண்டு முகப் பெடல்: எந்தப் பக்கம் மிதித்தாலும் மாட்டும். எடை குறைவு. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றது.

சுற்றிலும் சட்டம் வைத்த பெடல்: காலை ஊன்ற இடம் அதிகம். கரடுமுரடான இறக்கங்களில், பூட்டு விழாத நேரத்திலும் பாதத்துக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். சற்றுக் கனமாக இருக்கும்.

ஒரு முகம் பூட்டு, மறு முகம் தட்டை: அதே சைக்கிளில் சாதாரணச் செருப்போடு கடைக்கும் போகிறவர்களுக்குச் சௌகரியம். ஆனால் எந்த முகம் மேலே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

முட்டை அடிக்கும் கருவி: சிரிக்காதீர்கள், 'எக்பீட்டர்' என்றுதான் இதற்குப் பெயர், பார்த்தால் அப்படியே இருக்கும்! க்ராங்க் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் படைப்பு. நான்கு பக்கமும் மாட்டும்; சேறு அடைத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது அருமை. ஆனால் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ கிடையாது; பித்தளை க்ளீட் ஆனதால் எஃகைவிடச் சீக்கிரம் தேயும்.

ஒரு கம்பெனியின் க்ளீட் இன்னொரு கம்பெனியின் பெடலுக்குச் சேரும் என்று எண்ணிவிடாதீர்கள். பெடலுக்கு உரிய க்ளீட்டையே கேட்டு வாங்குங்கள். எஸ்.பி.டி. என்றும் எஸ்.பி.டி.-எஸ்.எல். என்றும் இரண்டு பெயர் காதில் விழும். பின்னது தார் ரோட்டுக்கானது. அதன் க்ளீட்டில் மூன்று ஸ்க்ரூ. மலைக்கு வேண்டியது இரண்டு ஸ்க்ரூ. இதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

பூட்ஸும் முழங்காலும்

பெடல் மட்டும் வாங்கிப் பயனில்லை. பூட்ஸுக்கும் சேர்த்து வரவு செலவுத் திட்டம் போடுங்கள். சாயங்கால நேரத்தில், காலுறை அணிந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள். பகல் முழுவதும் நடமாடிய பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். அடி விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் பாறையில் நடக்க முடியாத அளவுக்கு விறைப்பு கூடாது.

க்ளீட்டைப் பொருத்துவதில் அவசரம் உதவாது. கட்டைவிரலுக்குப் பின்னால் உருண்டையாகத் தட்டுப்படுகிறதே ஒரு மூட்டு, அதற்கு நேர் கீழே, அல்லது ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் க்ளீட் இருக்கட்டும். கோணத்துக்கு ஒரு வழி உண்டு. மேஜை மேல் உட்கார்ந்து காலைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ, க்ளீட்டையும் அதற்கு அனுசரித்தே வைக்க வேண்டும். பாதத்தை அதன் சுபாவத்துக்கு விரோதமாகப் பூட்டினால் முழங்கால்தான் தண்டனை அனுபவிக்கும். ஓட்டிய பிறகு முழங்கால் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். க்ளீட்டைச் சிறிது நகர்த்திப் பாருங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெடலை வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடது பெடலின் மறை தலைகீழானது. ஸ்பானரின் மேல்நுனியை முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும். பின்னால் தள்ளினால் கழலும். மறையில் சிறிது கிரீஸ் தடவ மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்றுவதற்குள் கை கடுத்துப்போகும்.

முதல் பாடம் சுவரோரத்தில்

புதுப் பெடலைப் போட்டவுடன் ரோட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, ஒரு காலை மாட்டுவதும் கழற்றுவதுமாக ஐம்பது தடவை. பிறகு மற்றக் காலுக்கு ஐம்பது தடவை. அடுத்து, தலைக்கவசமும் கையுறையும் அணிந்து புல் மைதானத்தில் மெதுவாக ஓட்டி, நின்று, மறுபடி கிளம்பிப் பழக வேண்டும். நிற்பதற்கு நாலைந்து கஜம் முன்னாலேயே காலைக் கழற்றிவிடுவது நல்ல வழக்கம். எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று தீர்மானித்து, எப்போதும் அதையே ஊன்றுங்கள். யோசிக்காமலே குதிகால் வெளியே திரும்புகிற நாளில், மைதானத்தை விட்டு வெளியே வரலாம்.

க்ளீட் தேயும் சாமான். விடுவதில் திடீரென்று தகராறு செய்தாலோ, தானாகவே கழன்றுகொண்டாலோ, புதிதாக மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, எலும்பு வைத்தியச் செலவில் தூசு.

கடைக்குப் போகும்போது மகளோடு நீங்களும் போய் வாருங்கள். "எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது பாருங்கள்!" என்று கடைக்காரர் பெருமையோடு காட்டுவார். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, "எவ்வளவு லேசாக விடுகிறது, அதையும் காட்டுங்கள்" என்று நிதானமாகக் கேளுங்கள்.