நாயின் ஈறு நோய் நமக்கும் தொற்றுமா?

தேரி மணலும் பனை விளைகளுமாக விளங்கும் உடன்குடி வட்டாரத்தில் நாய் வளர்க்காத குடும்பங்கள் குறைவு. விடிலிக்குக் காவல், ஆட்டுக்கிடைக்குக் காவல், இரவில் வீட்டு முற்றத்துக்குக் காவல் என்று அதற்கு ஓய்வே இல்லை. பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் பாதி அதற்குப் போகும். அது அவர்கள் முகத்தை நக்குவதும் உண்டு.

இப்படிப் பழகிய நாய்க்கு ஏழெட்டு வயதானதும் வாயில் துர்நாற்றம் வீசத் தொடங்குகிறது. கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த வீட்டுப் பெரியவருக்கும் ஈற்றில் இரத்தம் கசிந்தால், "எல்லாம் இந்த நாயால் வந்தது" என்று பேச்சு எழுகிறது. நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்பவர்களும் உண்டு. அந்த முடிவுக்கு வருமுன் உண்மை நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டும் ஒரே கிருமியா?

மனிதரின் ஈறு நோயில் பெரும் பங்கு வகிக்கும் கிருமிக்குப் 'போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ்' என்று பெயர். நாயின் ஈற்றில் காணப்படும் கிருமி இதைப் போலவே இருந்ததால், இதன் விலங்கு வகை என்றே முன்பு கருதப்பட்டது. 2001-ஆம் ஆண்டில்தான் அது தனி இனம் என்று பிரிக்கப்பட்டு, 'போர்பைரோமோனாஸ் குலே' எனப் பெயரிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமியின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் நாயின் கிருமி நுரைக்கும்; மனிதரின் கிருமி நுரைக்காது. இதை வீட்டில் நாயின் வாயில் செய்து பார்க்கக் கூடாது. இரத்தம் பட்டாலும் அந்த மருந்து நுரைக்கும் என்பதால் எதுவும் விளங்காது.

நாயின் உமிழ்நீர் மனிதரின் உமிழ்நீரைவிடக் காரத்தன்மை மிக்கது. ஆகையால் நாய்க்குச் சொத்தைப்பல் குறைவு. பற்காரை படிவதோ அதிகம். இரு வாய்களிலும் வாழும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறு. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, நாயின் வாயில் கண்ட கிருமி வகைகளில் நூற்றுக்குப் பதினாறு அளவே மனிதர் வாயிலும் காணப்படுபவை.

சோதனை காட்டியது என்ன?

ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய காகிதக் குச்சியைச் செருகி அழுக்கை எடுக்கிறார்கள். அதிலுள்ள கிருமியின் மரபுப் பொருளைப் பல மடங்கு பெருக்கி, எந்த இனம் என்று கண்டறிகிறார்கள். இதுவே 'பி.சி.ஆர்.' சோதனை.

ஜப்பானின் ஒக்காயாமா பகுதியில் 66 நாய்களுக்கும், அவற்றை வளர்க்கும் வீடுகளைச் சேர்ந்த 81 பேருக்கும் இத்தகைய சோதனை செய்து, முடிவை 2012-இல் வெளியிட்டனர். நாய்களில் நூற்றுக்கு 71-இல் 'குலே' கிருமி இருந்தது. மனிதர்களில் 13 பேரிடம் அது காணப்பட்டது. அந்த 13 பேரின் நாய்களிடமும் அதே கிருமி இருந்தது.

ஆகவே நெருங்கிப் பழகும்போது கிருமி இடம் மாறக்கூடும் என்று கொள்ளலாம். ஆனால் வாயில் கிருமி இருப்பது வேறு, நோய் வருவது வேறு. நாயின் கிருமியால்தான் மனிதருக்கு ஈறு நோய் வந்தது என்பதை இந்தச் சோதனை மெய்ப்பிக்கவில்லை. பல் துலக்குவதில் அசட்டை, புகையிலைப் பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையே மனிதரின் ஈறு நோய்க்கு முக்கிய காரணங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர் நாயைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் பல் மருத்துவரிடம் காட்டி, சர்க்கரையின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாய்க்குச் செய்ய வேண்டியவை

மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய் ஓரளவேனும் இருக்கும். இதை அறிய விலையுயர்ந்த கிருமிச் சோதனை தேவையில்லை. நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

1. ஈறு சிவந்து வீங்குதல், பல்லடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ காரை படிதல், துர்நாற்றம், எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல் ஆகியவை அறிகுறிகள். கவனிக்காவிட்டால் தாடை எலும்பு கரைந்து பல் ஆடி விழும்.

2. படிந்துவிட்ட காரையைக் கத்தியாலோ ஆணியாலோ சுரண்டக் கூடாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்வார். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

3. குட்டியிலிருந்தே மெல்லிய பிரஷ் கொண்டு பல் துலக்கப் பழக்கலாம். நாய்க்கென விற்கும் பற்பசையையே பயன்படுத்த வேண்டும். நாய் பசையை விழுங்கிவிடும். மனிதர் பற்பசையிலுள்ள ஃபுளூரைடும், சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பும் அதற்குக் கேடு.

4. கடினமான எலும்பு பல்லை உடைக்கும். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

வீட்டார் கவனத்துக்கு

நாயின் எச்சில் பிள்ளைகளின் வாயிலும் புண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், மிகுதியாக மது அருந்துபவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாயின் வாயிலுள்ள 'காப்னோசைட்டோபாகா' என்ற வேறொரு கிருமி இவர்களுக்கு உயிராபத்தை உண்டாக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது அவசியம். ஈறு நோய்க் கிருமிச் சோதனைக்குச் செலவிட எண்ணும் பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள்.

வாய் நாறுகிறது என்று விரட்டப்பட்ட நாய் தெருநாயாகிவிடும். அதற்குத் தடுப்பூசி போடவும் ஆள் இராது. வீட்டில் வைத்து வைத்தியம் செய்வதே நாய்க்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.