நெடுநாள் நின்ற வண்டியை எழுப்புதல்

ஓடும் வண்டி தேய்வதை யாவரும் அறிவர். ஓடாது நிற்கும் வண்டியும் கெடுகின்றது என்பதையோ நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கொட்டிலிலே பத்து, இருபது ஆண்டுகள் நின்ற வானொன்றை மீண்டும் ஓட்ட விரும்புவோர் பலர், புதிய பற்றறியை வாங்கிப் பூட்டித் திறப்பைத் திருப்புவதையே முதல் வேலையாகக் கொள்வர். நல்ல எஞ்சினைப் பாழாக்க அதனினும் விரைவான வழி வேறில்லை. ஏன் என்பதை மொறிஸ் மைனர் வானை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

1953ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலே செய்யப்பட்டது இவ்வான். மொறிஸ் மைனர் இனத்து வண்டிகள் நம் நாட்டு வீதிகளுக்குப் புதியனவல்ல. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், இவற்றையும் ஒஸ்ரின் வண்டிகளையும் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சினாதலின் அது இயன்றது. ஆயினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய், பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயுடன் கலந்துவிடும். அவ்வாறு ஓடிப் பின் நிறுத்தப்பட்ட வண்டியின் அடித்தொட்டியிற் கிடப்பதை எண்ணெயென்று நம்புதல் தகாது. ஆதலின் முதலில் அதனை முற்றாக வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் விடுக.

அடுத்து எஞ்சினின் உள்ளே நிகழ்ந்ததைக் கருதுவோம். சிலிண்டர்ச் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் காலப்போக்கில் வழிந்துவிடும். ஈரக் காற்றினால் துருவேறி, வளையங்கள் சுவருடன் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் ஸ்ராட்டரைப் பாய்ச்சினால் வளையம் முறியலாம், சுவர் கீறுண்ணலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு, இரண்டொரு நாள் பொறுத்திருப்பதே அறிவுடைமை. பின்னர் முன்புறத்திற் செருகும் இரும்புக் கைபிடியாலே மெல்லச் சுழற்றுக. பெருவிரலையும் ஏனைய விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்தல் வேண்டும். பிற்காலத்தில் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது, கைபிடியைச் சுற்றிவளைத்த பெருவிரல் முறிந்துபோகும். பழைய சாரதிகள் இதனைத் தம் மாணாக்கருக்கு முதற் பாடமாகவே சொல்வர்.

தடையின்றிச் சுழன்ற பின்னரே பற்றறிக்கு வேலை. இவ்வண்டியில் பற்றறியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை இணைத்துவிடாதீர்கள். பிளக்குகள் இல்லாமலே, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்ராட்டராற் சுழற்றினால், தாங்கிகளுக்கு எண்ணெய் சென்றுவிட்டதென்று கொள்ளலாம்.

பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும். அது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கியை வடித்துக் கழுவும்வரை, தூய கலமொன்றிலிருந்தே பெற்றோல் ஊட்டுக. மின்பம்பு வேலை செய்தால் டிக் டிக் என்று ஒலிக்கும். காபரேற்றர் நிறைந்ததும் ஒலி ஓயும். ஓயாது ஒலித்தால் எங்கோ கசிகின்றதென்பது பொருள். உடனே நிறுத்துக, அயலில் நெருப்பும் வேண்டாம். எஞ்சினை மூடிய கொட்டிலினுள் ஓடவிடவும் வேண்டாம். புகையிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை.

எஞ்சின் முழங்கியதும் பெரும்பாலோர் மகிழ்ச்சியால் ஏறி வீதிக்குப் புறப்பட்டுவிடுவர். உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. இவ்வானின் பிறேக் திரவம் ஒரே குழாய்த்தொகுதியிற் செல்வது. ஓரிடத்திற் கசிந்தாலும் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழக்கும். பிரதான சிலிண்டரோ சாரதியின் காலடித் தட்டின் கீழ் மறைந்துகிடக்கின்றது. பிறேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் சிலிண்டரின் உட்சுவர் உள்ளிருந்தே துருவேறும். மிதியை முதன்முறை அழுத்தும்போது உறுதியாக இருக்கலாம். துருவேறிய பரப்பில் உராய்ந்த இறப்பர்க் கிண்ணம் மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோ கிழிந்துவிடும். ஆதலின் மிதியின் உறுதியைச் சான்றாகக் கொள்ளற்க. சிலிண்டர்களைக் கழற்றிப் பார்த்து, இறப்பர் உறுப்புகளையும் குழாய்களையும் புதுப்பித்து, பிறேக்குக்கென உள்ள திரவத்தையே விடுக. எஞ்சின் எண்ணெய் இறப்பரை வீங்கச் செய்துவிடும். கைப்பிறேக் தனிக் கம்பியினாற் பின்சக்கரங்களைப் பிடிப்பதாகையால், அதனையும் சீராக்கிக்கொண்டு, முற்றத்திலே நடைவேகத்திற் சோதித்துப் பார்க்கலாம்.

ரயரின் கட்டைகள் ஆழமாக இருப்பினும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் அது பயனற்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பட்டவற்றில், பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். றேடியேற்றரையும் கழுவி நிரப்புக. முதல் நூறு மைல் ஓடியதும் எஞ்சின் எண்ணெயை மீண்டும் வடித்துவிடுதல் நன்று. உள்ளே படிந்திருந்த பல்லாண்டு அழுக்கு அதனுடனேயே வெளியேறும்.