கோதுமையை விட்டால் முகம் தெளியுமா?

"தலைமயிர் கொட்டுது, முகம் வெளிறிப்போச்சு, எழும்பி ஒரு வேலை செய்ய ஏலாமல் கிடக்கு." இப்படிச் சொல்லாத பெண்கள் எங்கள் ஊர்களில் குறைவு. இடம்பெயர்வும் இழப்புகளும், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பாடும்தான் இதற்குக் காரணம் என்று எண்ணிப் பலர் வைத்தியரிடம் போகாமலே இருந்துவிடுகின்றனர். இப்போது கைத்தொலைபேசி வழியாகப் புதிய ஆலோசனை ஒன்று வீடு தேடி வருகின்றது. கோதுமையை விடுங்கள், 'குளூட்டன்' இல்லாத உணவை உண்ணுங்கள், முகம் பளபளக்கும், உடல் மெலியும், மனம் தெளியும் என்கிறார்கள். அவ்வாறான உணவுப் பொதிகள் நகரத்துக் கடைகளில் சாதாரண மாவைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. இந்த ஆலோசனை முற்றிலும் பொய் அல்ல. ஆனால் அது எல்லோருக்கும் உரியதும் அல்ல. யாருக்கு உரியது என்பதை அறிந்துகொள்வது எமது உடலுக்கும் பணத்துக்கும் நல்லது.

குளூட்டன் என்றால் என்ன?

றொட்டிக்குக் குழைத்த கோதுமை மாவை இழுத்தால் அது அறாமல் நீளும். அரிசி மாவைக் குழைத்தால் அப்படி நீளாது. கோதுமை மாவுக்கு அந்த இழுவையைக் கொடுக்கும் புரதமே குளூட்டன் ஆகும். இது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ளது. பாண், பணிஸ், பிஸ்கற், ரவை, ஆட்டா மா, கோதுமையில் செய்த சேமியா, நூடில்ஸ் எல்லாவற்றிலும் இது இருக்கும்.

பெரும்பாலானோருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு 'சீலியாக்' என்ற நோய் உண்டு. அவர்கள் கோதுமையை உண்ணும்போது, கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் பாதுகாப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிறு நிறைய உண்டாலும் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின்கள் என்பன உடலில் போதியளவு சேர்வதில்லை. இது தொற்றும் நோய் அல்ல. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

இந்நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்றின்படி, கோதுமையை முதன்மையாக உண்ணும் வட இந்தியாவில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 12 பேருக்கும், சோறு உண்ணும் தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கும் இது காணப்பட்டது.

ஒரு தாயின் சொல்லும் ஒரு யுத்தமும்

1888 இல் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, இதற்கு மாற்று உண்டென்றால் அது உணவிலேயே உண்டு என்ற கருத்தை எழுதினார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924 இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் நோயுற்ற பிள்ளைகளுக்குப் பாணை நிறுத்தி, வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். பிள்ளைகள் தேறினர். வாழைப்பழமே மருந்து என்று எல்லோரும் நம்பினர். தேறியதற்குக் காரணம் கொடுத்த பழம் அல்ல, நிறுத்திய பாண் என்பது பின்னரே தெரிந்தது.

அதை நிரூபித்தவர் ஒல்லாந்து தேசத்தின் ஹேக் நகரில் சிறுவர் வைத்தியசாலையில் பணிபுரிந்த வில்லெம் கரெல் டிக்கெ. 1930களில் ஒரு தாய் அவரிடம், பாணை நிறுத்தினால் தன் பிள்ளையின் தோலில் உள்ள தடிப்பு விரைவில் மாறிவிடுவதாகச் சொன்னார். படிக்காத பேச்சு என்று தள்ளிவிடாமல் அவர் அதை மனதில் வைத்து ஆராயத் தொடங்கினார்.

பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியப் படைகள் உணவு வழிகளை அடைத்ததால் மேற்கு ஒல்லாந்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட அவித்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். பாண் அரிதாகிப்போன அந்த நாட்களில் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறியிருந்ததையும், பாண் மீண்டும் கிடைத்ததும் அவர்கள் திரும்ப நோயுற்றதையும் டிக்கெ கவனித்தார். 1950 இல் தன் ஆய்வை நூலாகச் சமர்ப்பித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் சக ஆய்வாளர்களும் குற்றவாளி குளூட்டனே என்பதைக் காட்டினர்.

எங்கள் நாட்டிலும் யுத்த காலத்து நிவாரணத்தில் அரிசியோடு கோதுமை மாவும் வந்தது. அந்த மா பல்லாயிரம் குடும்பங்களின் பசியைத் தீர்த்தது. ஆகவே கோதுமை ஒரு நஞ்சு என்று எண்ணத் தேவையில்லை. நோய் உள்ளவருக்கு மட்டுமே அது ஆகாத உணவு.

தோற்றத்தில் என்ன மாறும்?

சீலியாக் நோய் உள்ளவரின் முகம் இரத்தச்சோகையால் வெளிறியிருக்கும். இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் கூடாது. சிலருக்குத் தலைமயிர் கொட்டும், வாயில் அடிக்கடி புண் வரும், உடல் மெலியும். சிலருக்கு முழங்கை, முழங்கால், பின்புறம் ஆகிய இடங்களில் கடுமையாகக் கடிக்கும் சிறு கொப்புளங்கள் தோன்றும். எலும்பு பலவீனமடையும். பருவமடைவது பிந்தலாம், கரு கலையலாம். பிள்ளைகளின் வயிறு ஊதி, கை கால் சூம்பி, வளர்த்தி குன்றும். அதனோடு ஓயாத களைப்பு, எரிச்சல், மனச்சோர்வு என்பனவும் சேரலாம். வயிற்றோட்டமோ வயிற்று நோவோ இல்லாமலே இவை வருவதும் உண்டு.

இப்படிப்பட்டவர் குளூட்டனை முற்றாக நிறுத்தினால் சில வாரங்களில் வயிறு இலேசாகி, உற்சாகம் வரத் தொடங்கும். குடல் ஆற ஆற இரத்தம் ஊறும், எடை கூடும், முகம் தெளியும். தோல் கொப்புளங்கள் முற்றாக மாற மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் ஆகலாம். இந்தக் கட்டுப்பாடு ஆயுள் முழுவதும் தேவை.

நோய் இல்லாதவருக்கு?

இந்நோய் இல்லாத பெண்ணுக்குக் கோதுமையை விடுவதால் நிறமோ பளபளப்போ வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பணிஸ், பிஸ்கற், கொத்துறொட்டி ஆகியவற்றை நிறுத்தினால் சிலர் மெலிவது உண்மை. அது சீனியும் எண்ணெயும் குறைந்ததால் வருவது. சிலருக்குச் சீலியாக் இல்லாமலே கோதுமை உண்டால் வயிறு ஊதும். அவர்களும் வைத்தியரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும்.

முகம் வெளிறுவதற்கும் மயிர் கொட்டுவதற்கும் எம்மிடையே பொதுவான காரணங்கள் வேறு. இரும்புச்சத்துக் குறைவு, அதிக மாதப்போக்கு, தைரொயிட் கோளாறு, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்பது, நித்திரையின்மை என்பன அவற்றுள் சில. நெஞ்சில் உள்ள துயரும் களைப்பாக வெளிப்படும். அதை உணவு மாற்றத்தால் ஆற்ற முடியாது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் உளவளத்துணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதிக்க முன் நிறுத்த வேண்டாம்

சந்தேகம் இருந்தால் முதலில் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சீலியாக் நோயை அறிய முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. தேவையானால் மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திச் சிறுகுடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை எல்லாச் சிறிய வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. வைத்தியர் உங்களைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும்.

முக்கியமான விடயம் ஒன்று. சோதனை முடியும்வரை கோதுமை உணவை வழமைபோல உண்ண வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். வைத்தியரிடம் களைப்பு என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு காலமாக, மாதப்போக்கு எப்படி, இரும்புக் குளிசை எவ்வளவு நாள் போட்டது, குடும்பத்தில் யாருக்கும் இப்படி உண்டா என்பவற்றையும் சொல்லுங்கள்.

எங்கள் அடுப்படியில்

நோய் உறுதியானாலும் விலை கூடிய பொதிகளைத் தேடி அலையத் தேவையில்லை. அவற்றில் பல சீனி கூடியவை, நார்ச்சத்துக் குறைந்தவை. எங்கள் பழைய உணவுகளில் பெரும்பாலானவை குளூட்டன் இல்லாதவையே. சோறு, தனி அரிசி மாப் புட்டு, இடியப்பம், குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம், உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் மா, கூழ், மீன், முட்டை, கீரை எல்லாம் தாராளமாக உண்ணலாம்.

ஆனால் சிலவற்றில் கவனம் தேவை. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மா கலப்பதும், தோசை மாவில் கோதுமை மா சேர்ப்பதும் எங்கள் வழக்கம். கடையில் வாங்கினால் கேட்டு வாங்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. சோயா சோஸ், மோல்ற் கலந்த பானங்கள், பார்லிக் கஞ்சி ஆகியவையும் ஆகாது. அரிசியையும் குரக்கனையும் வீட்டில் கழுவிக் காயவைத்து இடிப்பது நல்லது. கோதுமை அரைத்த ஆலையில் அரைத்தால் அந்த மா சிறிதளவு கலந்துவிடும். கோதுமை மா அரித்த அரிதட்டையும் இதற்குப் பாவிக்க வேண்டாம்.

நோய் இல்லாத சகோதரிகள் பாணையும் றொட்டியையும் அளவோடு உண்ணலாம். அதோடு முருங்கையிலை, நெத்தலி, பயறு என்பவற்றைச் சேர்த்து, சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இரும்புச்சத்து நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இரும்புக் குளிசைக்கும் மாறாத வெளிறலும், காரணம் தெரியாமல் குன்றும் பிள்ளையின் வளர்த்தியும் எங்கள் தலைவிதி அல்ல. அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொல்லி, வைத்தியரைச் சந்திக்க வழி கேளுங்கள்.