நாட்டுக் கணக்கில் நமது தறியும் தோட்டமும்

வீட்டிற்கு வரவு செலவுக் கணக்கு எத்தகையதோ, நாட்டிற்குப் புள்ளி விவரம் அத்தகையது. அந்நியர் ஆட்சியில் நாடு வளம் பெற்று வருவதாகக் கூறப்பட்ட காலத்தில், தாதாபாய் நௌரோஜி 1867-68ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு, இந்தியர் ஒருவரின் ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாயே என்று எடுத்துக் காட்டினார். எண்ணிக்கை ஏழையின் ஆயுதமாகவும் ஆகக்கூடும் என்பதை நாடு அன்று அறிந்தது. விடுதலைக்குப் பின், 1949இல் பேராசிரியர் மஹலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கிற்று.

இக்கணக்குகள் பொருளாதார நிபுணர்களுக்கு மட்டுமே உரியவை என்று நம் சங்கத்து அங்கத்தினர்கள் ஒதுக்கிவிடலாகாது. நிதி ஒதுக்கீடும் மானியமும் இவற்றை அடிப்படையாகக் கொண்டே பெரும்பாலும் வகுக்கப்படுகின்றன. ஆயினும், ஓர் எண்ணைக் கண்டவுடன் அதில் யார் எண்ணப்பட்டார், யார் விடப்பட்டார் என்று கேட்டறிதல் வேண்டும்.

தொழில் துறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் நடைபெறும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, மின்விசை கொண்டு இயங்குமாயின் பத்துப் பேருக்கும், இல்லையாயின் இருபது பேருக்கும் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைகளையே முக்கியமாகக் கொள்கிறது. ஆகவே, திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை அக்கணக்கில் இடம் பெறும். உறையூரிலோ மணமேட்டிலோ தன் வீட்டுக் குழித்தறியில் சேலை நெய்பவர் அதில் இடம் பெறார். தொழிற்சாலை உற்பத்தி உயர்ந்தது என்று செய்தி வரும்போது, நெசவாளர் வீட்டு அடுப்பும் உயர்ந்து எரிந்தது என்று பொருளன்று.

கைத்தறிக்கென்று தனிக் கணக்கெடுப்பு உண்டு. 2009-10இல் நடந்த மூன்றாம் கணக்கெடுப்பில் நாட்டில் 43.31 லட்சம் கைத்தறித் தொழிலாளர் இருந்தனர். 2019-20இல் நடந்த நான்காவதில் அவர்கள் 35.22 லட்சமாகக் குறைந்தனர். தமிழகத்தில் 3.52 லட்சம், 2.43 லட்சமாயிற்று, பத்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குக் குறைவு. இதே காலத்தில் நாட்டின் தறிகளோ 23.77 லட்சத்திலிருந்து 28 லட்சத்திற்கு மேல் பெருகியதாகக் கணக்குக் கூறுகிறது. தறிகளை மட்டும் பார்ப்பவர் தொழில் தழைக்கிறது என்பார். ஆட்களை மட்டும் பார்ப்பவர் தொழில் அழிகிறது என்பார்.

இரண்டையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். மொத்தத் தொழிலாளரில் 12 லட்சத்திற்கு மேற்பட்டோர் அஸ்ஸாம் மாநிலத்தவர். அங்கே வீட்டு உபயோகத்திற்காக, ஓய்வு நேரத்தில் பெண்கள் நெய்யும் தறிகள் மிகுதி. நம் பகுதி நெசவாளருக்கோ தறியே ஜீவனம். இவ்விரு வகையினரையும் ஒரே பத்தியில் கூட்டிய எண், இருவர் நிலைமையையும் சரிவரக் காட்டாது. எனினும் அக்கணக்கு உணர்த்தும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. கைத்தறிக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின.

பயிர் செய்வோர் கணக்கும் இத்தகையதே. 1970-71இல் நாட்டில் சாகுபடி நிலத்தின் சராசரி அளவு 2.28 ஹெக்டேர், 2015-16இல் 1.08 ஹெக்டேர். தமிழகத்தில் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சராசரியிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒன்பது பேர் ஆளுக்கு ஓர் ஏக்கரும், பத்தாமவர் 31 ஏக்கரும் வைத்திருந்தால் சராசரி நான்கு ஏக்கர். ஆனால் நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை!

வாழை உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவிற்கே. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்துத் தோட்டங்களும் தொட்டியத்துத் தோட்டங்களும் அப்பெருமையில் பங்கு கொண்டவை. ஆனால் உற்பத்தியின் அளவு வேறு, உற்பத்தி செய்தவரின் வருவாய் வேறு. 2023-24இல் நாட்டின் உழைப்பாளரில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தனர். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு 18. வகுத்துப் பார்த்தால், வயலில் உழைப்பவர் ஒருவரின் உழைப்பால் விளையும் மதிப்பு, பிற துறைகளில் உழைப்பவரதில் கால் பங்கு அளவே ஆகிறது. இடைவெளியை நிரப்பக் கூட்டு விற்பனையும் பதப்படுத்துதலும் வேண்டும் என்று சங்கங்கள் வாதாட இந்த ஒரு கணக்கே போதிய சான்றாகும்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. பெரிய கணக்குகள் யாவும் நம் வீட்டு வாசலிலும் நம் சங்கப் பதிவேட்டிலும் தொடங்குகின்றன. ஓடாத தறியை ஓடும் தறி என்று எழுதினால், தொழில் நலமாக இருக்கிறதென்று தலைநகரில் முடிவு கட்டப்படும். தார் சுற்றும் மனைவியையும் பாவு ஓட்டும் மகளையும் 'வேலை இல்லை' என்று சொன்னால், அவர்கள் உழைப்பு நாட்டுக் கணக்கிலிருந்தே மறையும். நான்காம் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளரில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்கள். நம் சங்கங்களின் அங்கத்தினர் பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனை என்று ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த கணக்காளர் வரும்போது உள்ளதை உள்ளபடி கூறுவோம். குத்தகை நிலத்தைக் குத்தகை என்றும், நின்ற தறியை நின்றது என்றும் பதிவு செய்வோம். எண்ணப்படாதவரின் குறை எந்தத் திட்டத்திலும் ஏறுவதில்லை.