மடக்குக் கத்தியும் அதன் உருக்கும்

மடக்குக் கத்தி வாங்குவோர் பிடியின் அழகையும் விலையையுமே நோக்குவர். அலகின் உருக்கு யாதென வினவுவோர் மிகச் சிலர். கொடுத்த பணத்துக்குரிய பயனோ அவ்வுருக்கையே பெரிதும் பொறுத்தது.

பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890ஆம் ஆண்டு யோசெப் ஒப்பினெல் என்பார் ஆக்கிய மரப்பிடிக் கத்தி இன்றும் மலிவாகவே விற்கப்படுகிறது. அதனை இருவகை உருக்கிற் பெறலாம். ஒன்று ஏறக்குறைய 0.9 வீதம் காபன் கொண்டது. சாணைக்கல்லில் எளிதிற் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சஞ்சாறு பட்டாற் கறுக்கும், ஈரத்திற் கறள் பிடிக்கும். மற்றையது 13 வீதத்துக்கு மேல் குரோமியம் கலந்த கறையில் உருக்கு. அது கறளை நன்கு எதிர்க்கும்.

இவற்றினும் பன்மடங்கு விலையுயர்ந்த கத்திகளும் உள. அமெரிக்காவில் உருவான ‘எஸ் 30 வி’ என்னும் உருக்கில் 4 வீதம் வனேடியம் உண்டு. அதன் கூர் நெடுநாள் நிலைக்கும். மழுங்கிவிட்டாலோ, சாதாரணக் கல்லில் தீட்டுவது பெரும்பாடு.

ஆகவே, துடைத்து எண்ணெய் பூசும் வழக்கமுடையோர்க்குக் காபன் உருக்கு ஏற்றது. பழம் நறுக்குவோரும் கடலோரத்தில் வாழ்வோரும் கறையில் உருக்கையே நாடுக. மிகையான விலை கொடுக்குமுன் ஒரு நல்ல சாணைக்கல்லை வாங்குக. தீட்டாதார் கையில் எக்கத்தியும் மொட்டைக் கத்தியே.