இரைச்சலுக்குள் ஒரு மூலை: குறைந்த செலவில் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்குவது எப்படி?

ஒரு வீட்டில் அமைதி யாருக்குச் சொந்தமானது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான் என்றால் தொலைக்காட்சியின் சத்தம் குறைக்கப்படுகின்றது. கணவர் இரவு வேலை முடித்து வந்து உறங்குகிறார் என்றால் பிள்ளைகள் முற்றத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். ஆனால் அதே வீட்டில் தொலைக்கல்வி மூலம் பட்டப்படிப்பைத் தொடரும் மனைவியோ, கணினியில் கணக்குவேலை செய்து உழைக்கும் மகளோ குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில், எல்லாச் சத்தங்களுக்கும் நடுவில்தான் தனது வேலையைச் செய்ய வேண்டியிருக்கின்றது. காணி, வருமானம், உணவு என்பவற்றைப் போலவே அமைதியும் குடும்பத்துக்குள் பங்கிடப்படுகின்ற ஒரு வளமாகும். அது சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது படிப்பும் தொழிலும் வீட்டுக்குள் வந்தன. 2022இன் மின்வெட்டுக் காலத்தில் மின்பிறப்பாக்கிகளின் உறுமலும் அதனோடு சேர்ந்துகொண்டது. அந்தக் காலம் கடந்துவிட்டபோதிலும், வீட்டிலிருந்தே படிக்கின்ற, உழைக்கின்ற பெண்கள் பலர் அந்த வழியிலேயே தொடர்கிறார்கள். இதனால் எமது பெண்கள் குழுக் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "மிஸ், சத்தத்தை இல்லாமல் செய்கிற ஹெட்போன் என்று விற்கிறார்களே, அது உண்மையா? எவ்வளவு காசு கொடுத்தால் நல்லதாக வாங்கலாம்?"

இது ஆடம்பரக் கேள்வி அல்ல. 2025இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. பெயர்பெற்ற சொனி நிறுவனத்தின் உயர்ரக ஹெட்போன் ஒன்று 2022இல் 400 டொலருக்கு வெளிவந்தது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபாவாகக் கணக்கிட்டாலும் அது 120,000 ரூபா. அதாவது ஒரு தொழிலாளியின் நான்கு மாத உழைப்பு. சீட்டுக்காசில் பொருள் வாங்கும் ஒரு பெண் பிழையான ஒன்றை வாங்கிவிட்டால் அந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ள அவளிடம் வேறு வழியில்லை. ஆகவே அறிந்து வாங்குவது அவசியமாகும்.

அது எவ்வாறு வேலை செய்கின்றது?

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அலை. அலையின் மேடு வரும் நேரத்தில் அதே அளவு பள்ளத்தை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த ஹெட்போனில் உள்ள சிறிய ஒலிவாங்கிகள் வெளிச் சத்தத்தைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையைக் கணித்து எமது காதுக்குள் அனுப்புகின்றது. மூளைக்குப் போய்ச் சேரும் இரைச்சல் குறைந்துவிடுகின்றது.

இந்த யோசனை புதியதல்ல. ஜேர்மனியைச் சேர்ந்த போல் லூக் என்பவருக்கு 1936இலேயே இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1978இல் விமானப் பயணமொன்றின்போது இயந்திர இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமற்போன பேராசிரியர் அமர் போஸ், இதை ஹெட்போனில் செய்துபார்க்க முனைந்தார். 1986 டிசம்பரில் ஜீனா யேகர் என்ற பெண் விமானியும் டிக் ரூட்டன் என்பவரும் வொயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றினார்கள். இயந்திர இரைச்சலிலிருந்து தமது செவிகளைக் காக்க அவர்கள் அணிந்திருந்தவை இத்தகைய பரீட்சார்த்த ஹெட்போன்களே. விமானிகளுக்காக 1989இலும் சாதாரண பயணிகளுக்காக 2000ஆம் ஆண்டிலும் இது சந்தைக்கு வந்தது. இன்று அதே தொழினுட்பம் மலிவான ஹெட்போன்களுக்கும் வந்துவிட்டது.

எதைக் குறைக்கும், எதைக் குறைக்காது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தத் தொழினுட்பம் ஒரே சீராகத் தொடரும் தாழ்ந்த இரைச்சலையே நன்கு குறைக்கும். மின்விசிறி, குளிரூட்டி, மின்பிறப்பாக்கி, பஸ் இயந்திரம், ரயிலின் தொடர் ஓசை ஆகியவை இதில் அடங்கும். திடீரென எழுவனவும் உச்சத்தொனியில் வருவனவுமான சத்தங்களை அதனால் முழுமையாக அழிக்க முடியாது. குழந்தையின் அழுகை, பிரஷர் குக்கரின் விசில், முச்சக்கரவண்டியின் ஹோர்ன், பக்கத்து வீட்டுப் பேச்சு என்பன குறைந்தாலும் கேட்கத்தான் செய்யும். அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றி இறுக்கமாகப் பதியும் மெத்தைதான்.

எனவே உங்கள் வீட்டில் உங்களுக்குத் தொந்தரவு தருவது எந்தச் சத்தம் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். மின்விசிறியும் வீதி வாகனங்களும் என்றால் இந்த ஹெட்போன் உதவும். மனிதக் குரல்கள்தான் பிரச்சினை என்றால், மருந்துக்கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான்களே போதுமாக இருக்கலாம். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் ஆடைத் தொழிற்சாலைச் சகோதரிகளுக்கும் ஹெட்போனைவிடக் காதடைப்பானே பொருத்தமானது. பக்கவாட்டில் சரிந்து படுக்கும்போது ஹெட்போன் அணிந்திருக்க முடியாதல்லவா?

பெட்டியில் உள்ள மூன்று எழுத்துகள்

வாங்கும்போது பெட்டியில் 'ஏ.என்.சி.' என்று இருக்கின்றதா, 'ஈ.என்.சி.' என்று இருக்கின்றதா என்று கவனியுங்கள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் பொருள் வேறு. ஏ.என்.சி. என்பதே உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. ஈ.என்.சி. என்பது நீங்கள் தொலைபேசியில் கதைக்கும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் மறுமுனையில் இருப்பவருக்குக் கேளாமல் வடிகட்டுவது. அதனால் உங்கள் காதுக்கு எந்த அமைதியும் கிடைக்காது. மிக மலிவான பொருட்கள் பலவற்றில் ஈ.என்.சி. மாத்திரமே உண்டு. அதையே 'நோய்ஸ் கான்சலிங்' என்று விற்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டிலிருந்து வாடிக்கையாளர்களுடன் கதைப்பது உங்கள் தொழிலாக இருந்தால், குழந்தையின் சத்தம் மறுமுனைக்குக் கேளாதிருக்க ஈ.என்.சி.யும் உங்களுக்குத் தேவை. இரண்டும் உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்.

தோடு, கொண்டை, முக்காடு

ஹெட்போன் பற்றிய விளம்பரங்கள் பெண்ணின் தலையை நினைத்து எழுதப்படுபவை அல்ல. எமது பெண்கள் தோடு அணிகிறார்கள். தலைமயிரைக் கொண்டையாக முடிகிறார்கள். முஸ்லிம் சகோதரிகள் முக்காடு அணிகிறார்கள். பலர் மூக்குக்கண்ணாடி போடுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் தெரிவைப் பாதிக்கும்.

காதை முழுவதுமாக மூடும் வகையில் மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் சிறிய இடைவெளி ஏற்பட்டாலும் அதனூடாகச் சத்தம் நுழைந்துவிடும். கண்ணாடிச் சட்டமும் முக்காட்டுத் துணியும் இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. முக்காட்டை எடுக்காமலே பயன்படுத்த விரும்புபவர்களுக்குக் காதுக்குள் வைக்கும் சிறிய வகையே நல்லது. பெரிய தொங்கட்டான் அணிபவர்கள், காதின் மீது அழுத்தும் சிறிய மெத்தை வகையைத் தவிர்த்துக் காதைச் சுற்றிவர மூடும் வகையை எடுக்கலாம். எமது வெப்பத்தில் தோல்போன்ற மெத்தை விரைவில் வியர்த்து, காலப்போக்கில் உரிந்துவிடும். மெத்தையை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று கேட்பது அதனால்தான்.

நியாயமான விலை எது?

2020இல் 80 டொலருக்கு வெளிவந்த சவுண்ட்கோர் லைஃப் கியூ30, இரைச்சல் நீக்கியுடன் ஏறத்தாழ 40 மணித்தியாலங்கள் இயங்கும் எனத் தயாரிப்பாளர் கூறுகிறார். 2023இல் 150 டொலருக்கு வந்த சொனி டபிள்யூ.எச்.-சி.எச்.720என் 192 கிராம் எடை மட்டுமே கொண்டது. 35 மணித்தியாலங்கள் இயங்கும். அதே ஆண்டில் வந்த ஜே.பி.எல். டியூன் 770என்.சி. 44 மணித்தியாலங்கள். இவை காதை மூடும் வகைகள். வெளிவந்து சில வருடங்கள் கடந்த மாதிரிகளின் விலை குறைவது வழமை. எனவே கடந்த தலைமுறை மாதிரியை வாங்குவதே சிக்கனமானது. உயர்ரகங்கள் இரைச்சலை மேலும் நன்றாகக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் படிப்புக்கும் தொலைபேசி வேலைக்கும் மூன்று நான்கு மடங்கு விலை கொடுக்கவேண்டிய தேவை இல்லை.

கடையில் செய்ய வேண்டியவை

1. பாட்டுப் போடாமல் ஹெட்போனை அணிந்து, ஓடும் மின்விசிறிக்கு அருகில் நின்று ஏ.என்.சி. பொத்தானை மாறிமாறி அழுத்துங்கள். விசிறியின் ஓசை தெளிவாகக் குறையவேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

2. பத்து நிமிடமாவது கண்ணாடியோடும் தோட்டோடும் அணிந்திருங்கள். உச்சந்தலை வலித்தாலோ காதுக்குள் அழுத்தம் போன்ற உணர்வு தலைச்சுற்றலாக மாறினாலோ அது உங்களுக்கு உகந்ததல்ல.

3. கடை வாசலில் நின்று ஒருவருக்கு அழைப்பு எடுத்து, உங்கள் குரல் தெளிவாகக் கேட்கின்றதா என விசாரியுங்கள்.

4. பெட்டியில் உள்ள மணித்தியாலக் கணக்கு ஏ.என்.சி. இயங்கும்போதா, நிறுத்தியிருக்கும்போதா என்று பாருங்கள். பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

5. வயர் பொருத்தும் துளை உண்டா என்று பாருங்கள். மின்கலம் தீர்ந்துபோனாலும் பரீட்சை நேரத்தில் அது கைகொடுக்கும்.

6. கணினியையும் கையடக்கத் தொலைபேசியையும் ஒரே நேரத்தில் இணைக்கலாமா என்று கேளுங்கள். வேலைக்குப் பயன்படுத்துவோருக்கு இது மிக உதவியானது.

இணையத்தில் வாங்குபவர்கள் நம்பமுடியாத மலிவு விலையில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளைக் கண்டால் அது போலி எனச் சந்தேகிக்கவேண்டும். எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டும் எழுத்திலான உத்தரவாதமும் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு வழங்கவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமையாகும். சொன்னது ஒன்று, தந்தது வேறொன்று என்றால் மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டும் விபரம் அறியலாம். கடைக்காரர் பெரிய சத்தம் போட்டால் பெண்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் இன்னும் பல இடங்களில் இருக்கின்றது. பற்றுச்சீட்டு கையில் இருந்தால் நாம் பின்வாங்க வேண்டியதில்லை.

செவிகளைக் காப்போம்

இரைச்சல் நீக்கியின் மிகப்பெரிய பயன் அமைதி மட்டுமல்ல. பஸ்ஸில் சாதாரண ஹெட்போன் அணிபவர், இயந்திர இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். இரைச்சல் குறைந்தால் ஒலியையும் குறைத்தே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி வளர்ந்தவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு இந்த அளவு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகின்றது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலங்கள்தான். தொலைபேசியின் ஒலியளவைப் பாதியைவிடச் சற்றுக் கூட்டினாலே போதும் என்று பழகிக்கொள்வது நல்லது. உட்செவியின் நுண்மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே இதனைச் செவிப் பாதுகாப்பாகக் கருதக்கூடாது. அங்கே தேவைப்படுவது அதற்கெனத் தரப்படுத்தப்பட்ட காதுறைகள். அவற்றை வழங்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. தொழிலாளி தனது சம்பளத்தில் வாங்கவேண்டியதல்ல.

வீதியைக் கடக்கும்போதும், தண்டவாளத்தின் அருகிலும், இருட்டிய பின் தனியே நடக்கும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். பின்னால் வரும் காலடி ஓசையைக் கேட்பதும் எமது பாதுகாப்பின் ஒரு பகுதிதான். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ உங்கள் பொறுப்பில் தனியே இருந்தாலும், அடுப்பில் ஏதும் இருந்தாலும் அணியாதீர்கள்.

இந்த இடத்தில்தான் மீண்டும் முதற்கேள்விக்கு வருகிறோம். குழந்தை அழுதால் கேட்கவேண்டியவள், அடுப்பைக் கவனிக்கவேண்டியவள், கதவு தட்டப்பட்டால் எழுந்துபோக வேண்டியவள் எல்லாம் ஒரே பெண்ணாக இருந்தால், எத்தனை ஆயிரம் ரூபாவுக்கு ஹெட்போன் வாங்கினாலும் அது மேசையில்தான் கிடக்கும். எமது குழுவில் உள்ள ஒரு சகோதரி ஹெட்போன் வாங்கியபோது கூடவே ஒரு விதியையும் வீட்டில் கொண்டுவந்தார். இரவு ஏழு மணி முதல் எட்டரை வரை அது அவர் தலையில் இருந்தால், குசினியும் பிள்ளைகளும் கணவரின் பொறுப்பு. முதல் வாரம் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் மாதம் அவருடைய கணக்கியல் பாடநெறியின் முதற்கட்டப் பரீட்சை முடிந்தது.

ஹெட்போன் வெறும் கருவிதான். அதை வாங்குவதற்கு முன்பு வீட்டிலுள்ளவர்களோடு இருந்து கதையுங்கள். உங்களுக்கென ஒரு நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.