‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!’ - வளர்ப்புப் பச்சோந்திக்குத் திடீரென உடம்பு முடியாவிட்டால் என்ன செய்யணும்?

‘நேத்து சாயங்காலம்கூட பூச்சி சாப்பிட்டுச்சு. காலையில பார்த்தா கூண்டுக்கு அடியில கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கு!’ - பச்சோந்தி வளர்ப்பவர்கள் டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நாய்க்கு முடியலைன்னா முனகும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். பச்சோந்தி என்ன செய்யும்? கிளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். நன்றாக இருக்கும்போதும் அது அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். சிக்கலே அங்குதான்.

எந்த அறிகுறி ஆபத்தானது, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது? பார்ப்போம்.

‘திடீர்’ நோய் உண்மையில் திடீர்தானா?

பெரும்பாலும் இல்லை. காட்டில் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளும் பச்சோந்தியைப் பறவையோ பாம்போ முதலில் தூக்கிவிடும். அதனால் முடிந்தவரை நோயை மறைப்பது அதன் இயல்பு. நீர்ச்சத்துக் குறைவு, கால்சியம் பற்றாக்குறை, நுரையீரல் தொற்று போன்றவை நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் உள்ளுக்குள் வளரும். இனி மறைக்க முடியாது என்ற கட்டத்தில்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

அதாவது, ‘இன்னைக்குத்தான் முடியலை’ என்று நமக்குத் தோன்றும் நாள், நோயின் முதல் நாளாக இருப்பது அரிது. ‘ரெண்டு நாள் பார்ப்போம், சரியாயிடும்’ என்று காத்திருப்பது மற்ற செல்லப் பிராணிகளைவிடப் பச்சோந்திக்கு அதிக ஆபத்து.

நிறம் மாறினால் நோயா?

இலையில் உட்கார்ந்தால் பச்சை, மண்ணில் உட்கார்ந்தால் பழுப்பு என்று பச்சோந்தி இடத்துக்கு ஏற்பச் சட்டை மாற்றுவதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். கட்சி மாறுபவர்களுக்கு அந்தப் பட்டம் கொடுப்பதும் அதனால்தான். உண்மையில் அதன் நிறம் பெரும்பாலும் மனநிலையையும் உடல் வெப்பத்தையும் காட்டுகிறது.

ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மடகாஸ்கரைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தியை வைத்து இதை விளக்கினார்கள். அதன் தோல் செல்களுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கியிருக்கும். பச்சை, நீல நிறங்கள் தெரியும். கிளர்ச்சி அடைந்தால் இடைவெளி கூடும்; மஞ்சள், சிவப்பு நிறங்கள் மேலோங்கும்.

எனவே காலையில் கருத்திருந்தால் பயப்பட வேண்டாம். வெயிலை உறிஞ்சிச் சூடேற்றிக்கொள்ள அப்படி இருப்பது இயல்பு. உடல் சூடானதும் நிறம் தெளிய வேண்டும். நாள் முழுக்க அடர் பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் குளிர், மன அழுத்தம், வலி, நோய் என ஏதோ ஒன்று இருக்கிறது. நேர்மாறாக, வெளிறிப்போய் வாயைத் திறந்து வைத்திருந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்:

• பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது. ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. கண்ணைச் சுத்தம் செய்ய ஒரு கண்ணைச் சில நிமிடம் உப்பவைத்து உருட்டுவது இயல்பு. இரண்டு கண்களையும் மூடி, நீங்கள் அருகில் போனாலும் திறக்காமல் இருப்பது இயல்பு அல்ல.

• கிளையைப் பிடிக்க முடியாமல் விழுவது, கூண்டின் தரையில் கிடப்பது, கை கால் நடுங்குவது.

• தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு விடுவது. மூச்சில் ‘டிக் டிக்’ சத்தம் அல்லது விசில் சத்தம். வாயிலோ மூக்கிலோ சளிக் குமிழி. நுரையீரல் தொற்றின் முக்கிய அடையாளங்கள் இவை.

• நாக்கு வெளியே தொங்கி உள்ளே போகாமல் இருப்பது, ஆசனவாய் வழியாகத் தசை பிதுங்கி நிற்பது, தீக்காயம், ரத்தம்.

அடுத்து, ஓரிரு நாளுக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டியவை: கண்கள் குழிவிழுந்து உள்ளே போயிருப்பது, கண் இமை வீங்கியிருப்பது, நாக்கை நீட்டினாலும் பூச்சியைப் பிடிக்க முடியாமல் தவறவிடுவது, கால் எலும்பு வளைந்திருப்பது, தாடை மென்மையாகியிருப்பது, மூட்டிலோ வாய் ஓரத்திலோ வீக்கம்.

எச்சத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழுப்பு மலத்துடன் வெள்ளையாக ஒரு பகுதி வரும். சிறுநீர்க் கழிவு அது. அந்த வெள்ளையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் உடலில் தண்ணீர் போதவில்லை.

பெண் பச்சோந்திக்கு மட்டும் ஓர் ஆபத்து

ஏமன், சவுதி அரேபியா பகுதிகளைச் சேர்ந்த ‘வெய்ல்டு’ பச்சோந்திதான் உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் இனங்களில் ஒன்று. இதன் பெண், ஆண் துணையே இல்லாமலும் முட்டை உண்டாக்கும். ‘ஒத்தையாத்தானே இருக்கு, முட்டைக்கு வாய்ப்பே இல்லை’ என்று நினைத்தால், கடைசி நேரத்தில்தான் விஷயம் தெரியவரும். ஒரே தடவையில் 20 முதல் 80 முட்டை வரை இடக்கூடியது இது.

உங்களிடம் இருப்பது ஆணா, பெண்ணா? பின்னங்கால் பாதத்தின் பின்பக்கம் பாருங்கள். ‘வெய்ல்டு’ ஆணுக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்தே அங்கே சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும். பெண்ணுக்கு இருக்காது.

முட்டையிடும் நேரம் நெருங்கினால் சாப்பாடு குறையும், தரையில் அலையும், மண்ணைத் தோண்டப் பார்க்கும். அப்போது தோண்டுவதற்கு ஈரமணல் இல்லாவிட்டால், அல்லது யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால், முட்டையிடாமல் அடக்கிவிடும். கால்சியம் குறைவாக இருந்தாலும் முட்டை வெளியே வராது. வயிறு புடைத்து, சோர்ந்து, பகலில் கண்ணை மூடிக்கொண்டால் முட்டை சிக்கிக்கொண்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்குக் கிடையாது. எக்ஸ்-ரே, கால்சியம், ஊசி, சில நேரம் அறுவை சிகிச்சை வரை தேவைப்படலாம்.

பெண் பச்சோந்தி வளர்ப்பவர்கள் கூண்டுக்குள் ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டியை எப்போதும் வைத்திருங்கள். தோண்ட ஆரம்பித்துவிட்டால் கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். எட்டிப் பார்க்காதீங்க!

முதல் ஒரு மணி நேரம்: என்ன செய்யலாம்?

1. வெப்பத்தைப் பாருங்கள். பல்பு எரிகிறதா? இரவு மின்தடை இருந்ததா? வெயில் காயும் கிளையில் சுமார் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும்; கூண்டின் மறுபக்கம் அதைவிடக் குளுமையாக இருக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டும். அப்போது வெப்ப பல்புதான் எதிரி, அணைத்துவிடுங்கள்.

2. சூடு ஏறி, வெளிறி, வாயைத் திறந்து கிடந்தால் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிச் சாதாரணத் தண்ணீரை மென்மையாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

3. விழுகிறது என்றால் கிளைகளைத் தாழ்வாக வையுங்கள். அடியில் மெத்தென்று துண்டு விரியுங்கள்.

4. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். எனவே இலைகள் மீது ஸ்ப்ரே செய்யுங்கள். விழித்திருந்து குடித்தால் நல்லது. குடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

5. போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். மூச்சு, நடை, கண் மூன்றும் தெரியட்டும். டாக்டர் அறையில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

6. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வன பல, சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும்.

எதைச் செய்யவே கூடாது?

• சிரிஞ்சில் தண்ணீரையோ ஜூஸையோ வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்கு அருகிலேயே இருக்கிறது. சோர்ந்திருக்கும் பச்சோந்திக்கு ஒரு தவறான துளி நுரையீரலுக்குள் போய்விடும்.

• வாயைப் பிளந்து பூச்சியைத் திணிக்க வேண்டாம். உடல் குளிர்ந்து, நீர் வற்றிக் கிடக்கும்போது செரிமானம் நடக்காது. தின்றது வயிற்றிலேயே அழுகும்.

• தொட்டித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மரவாழ் உயிரினம் அது. குளியல் அதற்குப் பேரச்சம்.

• நமக்கு வாங்கிய மாத்திரையை, நாய்க்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை ‘கொஞ்சமா’ கொடுக்க வேண்டாம். நீர் வற்றிய உடலில் சில ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

• அடிக்கடி கையில் தூக்கிப் பார்க்க வேண்டாம். நமக்கு அது ஆறுதல். அதற்கு அது இன்னொரு ஆபத்து.

டாக்டரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?

காற்றுத்துளை உள்ள சிறு பெட்டி, பிடித்துக்கொள்ள ஒரு குச்சி, மேலே ஒரு துணி. இருட்டாக இருந்தால் அமைதியாக வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

கூடவே, கடைசியாகப் போட்ட எச்சம் ஒரு மூடிய டப்பாவில், கூண்டு முழுதும் தெரியும் போட்டோ, பல்பு, சப்ளிமென்ட் பாக்கெட்டுகளின் போட்டோ, எடைக் குறிப்பு. பச்சோந்திகளின் பல நோய்களுக்குக் காரணம் கூண்டில்தான் இருக்கும். டாக்டருக்கு அந்த போட்டோ பாதி பரிசோதனை.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. அதனால் பச்சோந்தி நன்றாக இருக்கும்போதே நாலு இடத்தில் விசாரித்து, ஒரு டாக்டரின் எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

வராமல் தடுக்க முடியுமா?

பெரும்பகுதி முடியும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். டி3 உருவாக யு.வி.பி. கதிர் வேண்டும். இதற்கான விளக்குகள் வெளிச்சம் குறைவதற்கு முன்பே கதிர்வீச்சை இழந்துவிடும். ‘பல்பு நல்லாத்தான் எரியுது’ என்று ஏமாறாமல், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் யு.வி.பி. பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். இளங்காலை வெயிலில், நிழலும் உள்ள வலைக்கூண்டில் சிறிது நேரம் வைப்பது நல்லது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் அடுப்பாகிவிடும்.

பூச்சிகளுக்கு நல்ல கீரை கொடுத்து, கால்சியம் பொடி தூவிப் போடுங்கள். மருந்தடித்த தோட்டத்துப் பூச்சி வேண்டாம். மின்மினி கூடவே கூடாது. வளர்ப்புப் பல்லியினங்கள் மின்மினி தின்று இறந்தது அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது.

வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வளர்ந்த பச்சோந்தியின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். அது மறைக்கும் நோயைத் தராசு சொல்லிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் வயல்வெளியில், சாலையோரத்தில் பார்க்கும் இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால்கூட வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

‘வெய்ல்டு’, பேந்தர் போன்ற வெளிநாட்டு இனங்களின் வர்த்தகம் சர்வதேச ஒப்பந்தமான சைட்டஸ் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது. இந்தியாவில் இவற்றை வைத்திருப்பவர்கள், 2024-இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிவு அவசியம். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பில்லும் ஆவணமும் இல்லாமல் வாங்கினால் சட்டச் சிக்கல் மட்டுமல்ல. அது காட்டில் பிடிபட்டதா, கூண்டில் பிறந்ததா, எத்தனை நாள் தண்ணீரில்லாமல் பயணித்தது என்று எதுவுமே தெரியாது. காட்டில் பிடிபட்டவை வயிறு நிறைய ஒட்டுண்ணிகளோடு வரலாம். ஆவணம் இல்லையே என்ற பயத்தில் டாக்டரிடம் போகத் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது பச்சோந்திதான்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் போதும். கண் திறந்திருக்கா, கிளையை இறுக்கிப் பிடிச்சிருக்கா, நிறம் தெளிஞ்சிருக்கா, எச்சம் எப்படி இருக்கு? இந்த நான்கையும் பார்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புங்கள். ஒன்று சரியில்லை என்றாலும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள்.